இருபதரை அடி

அந்த ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது. ஏரிக்கு அது தெரியாது. மழை பெய்தால் ஏறியது, வெயில் அடித்தால் இறங்கியது, இடையில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வாரியத்துக்கு இதில் நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு.

ஏரி நீர்மட்ட மேலாண்மை வாரியம் என்பது முழுப்பெயர். தண்ணீரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று கரைமேலேயே மூன்று மாடி கட்டினார்கள். பிறகு ஏசி வந்தது. குளிர் வெளியே போகிறது என்று ஏரிப் பக்கத்து ஜன்னல்களை அடைத்து, அடைத்த இடத்தில் ஏரியின் பெரிய வண்ணப்படம் ஒன்றை மாட்டினார்கள். நல்ல கோடையில் எடுத்த படம். புயல் மாதங்களில் கூட்டம் நடக்கும்போதெல்லாம் உறுப்பினர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, ஏரி அமைதியாக இருப்பதாகத் திருப்தி அடைந்து, அதைக் கூட்டக் குறிப்பிலும் ஏற்றிவிடுவார்கள்.

அத்தனை பெரிய கட்டடத்தில் தண்ணீரை நேரில் பார்க்கிற வேலை ஒரே ஒருவனுக்குத்தான். அவனை அளவுக்காரன் என்பார்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஷட்டர் தூணில் அறைந்திருக்கும் அடிப்பலகையைப் பார்க்க வேண்டும். தண்ணீர் எந்த எண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மாடிக்கு அனுப்ப வேண்டும். பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறான். பதினெட்டு வருடமாகத் தற்காலிக ஊழியன். ஏரி நிரம்பினால் இருபத்து நாலு அடி. இருபத்தொன்றைத் தாண்டியதும் பன்னிரண்டு ஷட்டர்களில் இரண்டைத் திறந்து, அபாயச் சங்கு ஊதி, கீழே குடியிருப்பவர்களை மேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த விதி வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. வாரம் ஒரு முறை துடைப்பார்கள்.

கீழே குடியிருப்பவர்களில் அவனுடைய அக்காவும் ஒருத்தி. ஷட்டர்களிலிருந்து இறங்கும் வாய்க்காலை ஒட்டிய தெருவில், முன்னறையில் தையல் கடை, பின்னறையில் குடித்தனம். அப்பா அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியது அந்தத் தையல் மெஷின்தான். மிதித்து மிதித்து அக்காவின் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. இப்போது தடி இல்லாமல் வாசற்படி தாண்ட முடியாது. மேட்டுக்குப் போய்ச் சேர அவளுக்கு அரைமணி நேரம் வேண்டும். ஆகவே அக்காவும் தம்பியும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். தினமும் மதியம் அவள் போன் பண்ணுவாள், அவன் எண்ணைச் சொல்வான். துணியில் கோடு போடுகிற மெழுகுச் சாக்கட்டியால் அவள் அதை மெஷினுக்குப் பின்னால் சுவரில் எழுதிவைப்பாள். ஊர் ஆயிரம் சொல்லட்டும், நீ கிளம்பு என்றால் கிளம்புகிறேன், இரு என்றால் இருக்கிறேன் என்பது அவள் பேச்சு. புயல் மாதங்களில் தெருவே அந்தச் சுவரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும்.

வாரியத் தலைவருக்கு ஊரில் மூடி என்று பெயர். பதவியேற்று மூன்று வருடத்தில் ஷட்டரை ஒரு முறைகூடத் திறந்ததில்லை என்பது அவர் பெருமை. முதல் இரண்டு வருடம் மழை பொய்த்து, திறக்க ஏரியில் தண்ணீரே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஆனால் மேலிடத்துக்கு இந்த விவரம் போகவில்லை, எண் மட்டும் போனது. திறப்பு: பூஜ்யம். உடனே ‘ஒரு சொட்டும் விடாத வாரியம்’ என்று ஒரு கேடயத்தை அறிவித்துவிட்டார்கள். விழாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். ஊரிலேயே சமதரையாகவும் காய்ந்தும் இருந்த இடம் ஷட்டர்களுக்குக் கீழே உள்ள வாய்க்கால்தான். மூன்று வருடமாகத் தண்ணீர் போகாத வாய்க்கால் அல்லவா? அதிலேயே மேடை போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்து, ஆயிரம் நாற்காலி அடுக்கினார்கள்.

மேடையில் கடைநிலை ஊழியர் ஒருவர் நின்றால் படம் நன்றாக வரும் என்று புகைப்படக்காரர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையால் பதினெட்டு வருடம் தூங்கிய கோப்பு எழுந்து உட்கார்ந்தது. அளவுக்காரனுக்குப் பணி நிரந்தர ஆணையை அதே மேடையில் தலைவர் கையால் தருவதாக முடிவாயிற்று. நிரந்தர ஊழியர் என்றால் காக்கிச் சட்டை. துணியை வாங்கிக்கொண்டு அவன் அக்காவிடம் ஓடினான். அவள் அவனை நிற்கவைத்து, தோள், மார்பு, கை என்று டேப் பிடித்தாள். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவு கொடுத்தபோது நின்ற மாதிரியே விறைப்பாக நின்றான்.

விழாவுக்கு எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்தார்கள். அடிப்பலகைக்கும் அடித்தார்கள். வெள்ளை அடித்து, எண்களைக் கறுப்பில் புதிதாக எழுதிய பெயிண்டர், ஈரப் பெயிண்ட் தண்ணீரில் பட்டால் கரைந்துவிடுமே என்று, பதினேழாம் அடியில் தொடங்கும் அந்தப் பலகையைக் கழற்றி, மூன்றடி மேலே தூக்கி ஆணி அடித்துவிட்டுப் போனார். காய்ந்ததும் இறக்குவதாகப் பேச்சு. புயல் மாதம், பெயிண்ட் எங்கே காயும்?

மறுநாள் காலை அளவுக்காரன் பலகையைப் பார்த்தான். முந்தின நாள் மாலை இருபது. இன்று பதினேழு. ராத்திரி முழுக்க மழை வேறு. கண்ணைக் கசக்கிக்கொண்டு தூணைப் பார்த்தான், பழைய ஆணித் துளைகளைப் பார்த்தான், விஷயம் புரிந்தது. பதிவேட்டை மூடி வைத்துவிட்டுப் பொறியாளரிடம் போனான்.

“சார், தண்ணி இறங்கல. பலகைதான் ஏறியிருக்கு.”

பொறியாளர் நல்ல மனிதர். எதையும் கோபப்படாமல் கேட்பார்.

“பலகை என்ன சொல்லுது?”

“பதினேழு, சார்.”

“உன் வேலைக்குப் பேர் என்ன?”

“அடிப்பலகை வாசிப்பாளர்.”

“அப்ப பலகையை வாசி. தண்ணியை வாசிக்கச் சொல்லி உனக்கு யாரும் ஆர்டர் போடல.”

அவன் பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அன்று மதியம் அக்காவிடமும் அதையே சொன்னான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கீகரிக்கப்படாத நீர்மட்டத்தை வெளியாருக்குச் சொல்கிற ஊழியர் அன்றே நீக்கப்படுவார் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. மேடைக்கு இன்னும் பதினோரு நாள்தான். இரண்டு நாளில் பலகை இறங்கிவிடும், அப்போது சரியான எண்ணைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அக்கா சிரித்தாள். நேற்று இருபது, இன்று பதினேழா, டேப்பை இறுக்கிப் பிடித்தாயா என்று கேட்டாள். தன்னிடம் வருகிற சில பெண்கள் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு இடுப்பளவு கொடுப்பார்கள் என்றும், சட்டை வீட்டுக்குப் போனதும் கிழியும் என்றும் சொன்னாள். பிறகு சுவரில் பதினேழு என்று எழுதினாள்.

மாடியில் அன்று ஒரே கொண்டாட்டம். அவசரக் கூட்டம் கூட்டி, தலைவர் வண்ணப்படத்துக்கு முன்னால் நின்று பேசினார்.

“மத்த ஏரிக்காரங்க தண்ணியைக் குறைக்கணும்னா தண்ணியைத் திறந்து விடுறாங்க. அது அந்தக் காலத்து முறை. நாம ஒரே ராத்திரியில மூணு அடி குறைச்சிருக்கோம். ஒரு சொட்டு வெளியே போகல. இதுக்குப் பேர்தான் மேலாண்மை.”

கைதட்டினார்கள். இந்த முறையை மற்ற ஏரிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்று ஒரு உறுப்பினர் எழுந்து தீர்மானம் கொண்டுவந்தார்.

மூன்றாம் நாள் அளவுக்காரனுக்கு மனசு கேட்கவில்லை. பலகை இடம் மாறியிருப்பதைப் பணிவோடு எழுதி மாடிக்கு அனுப்பினான். எழுதி வந்துவிட்டதால் வேறு வழியின்றி மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழு குடை பிடித்துக்கொண்டு வந்து, டேப் வைத்து, பலகை சரியாக மூன்றடி மேலே இருப்பதைக் கண்டுபிடித்தது. இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு குழு எழுதிய அறிக்கையைத்தான் அளவுக்காரன் நாலு முறை படித்தான். பலகையைப் பழைய இடத்துக்கு இறக்கினால் நீர்மட்டம் ஒரே நாளில் மூன்றடி உயர்ந்ததாகப் பதிவாகும். அப்படி உயர்வதற்கான மழை எதுவும் பதிவாகவில்லை. ஆகவே அது பொய்ப் பதிவு ஆகிவிடும். வாரியம் பொய்ப் பதிவுக்கு இடம் கொடுக்காது. பலகை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். குழுவுக்குப் பயணப்படி கிடைத்தது.

புயல் ஒன்று போய் இன்னொன்று வந்தது. பலகை பதினெட்டு காட்டியது, பத்தொன்பது காட்டியது. அவன் மூன்றைக் கூட்டி மனசுக்குள் வைத்துக்கொண்டு, பலகை சொன்னதை எழுதினான். அக்காவுக்கும் அதைத்தான் சொன்னான். முதல் நாள் சொன்ன பதினேழைக் காப்பாற்ற மறுநாள் பதினேழேகால் சொல்ல வேண்டியிருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே ஒவ்வொரு நாளும் போனது. கரைமேல் டீக்கடை வைத்திருந்தவர், தண்ணீர் ஷட்டர் விளிம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டதைத் தன் கண்ணால் பார்த்து நாலு பேரிடம் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வாரியத்திடம் இருந்தது. பயிற்சி பெறாத கண்ணால் ஏரியைப் பார்த்து வதந்தி பரப்பியதற்காக அவர் கடையை இழுத்துப் பூட்டினார்கள்.

விழாவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை, பலகை இருபதரை காட்டியது. விதிக்கு இன்னும் அரை அடி பாக்கி. அளவுக்காரன் கணக்குப் போட்டான். இருபத்து மூன்றரை. ஏரி தளும்புவதற்கும் அரை அடிதான் பாக்கி. பொறியாளரிடம் ஓடிப் போய், இன்றைக்கு மட்டுமாவது சங்கு ஊதலாமே என்று கெஞ்சினான். பொறியாளர் அவன் தோளைத் தட்டி, தலைவரிடம் பேசப் போனார். உண்மையில் பேசவும் செய்தார். பதினொரு மணிக்கு முடிவு வந்தது. அசம்பாவிதம் நேரக்கூடும் என்பதால் உடனடியாக வெளியேற்றம் தொடங்கியது. மூன்று லாரிகள் வந்தன. ஆயிரம் நாற்காலி, கம்பளம், பூந்தொட்டி, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஏற்றினார்கள். விழா வாரியத்தின் உள்ளரங்குக்கு மாறியது. ஒரு நாற்காலிக்குக்கூடச் சேதம் இல்லை என்று மாடிக்குத் தகவல் போனது.

லாரிகள் அக்காவின் தெரு வழியாகத்தான் போயின.

பன்னிரண்டரைக்கு அவள் போன் வந்தது. அளவுக்காரன் பொறியாளரின் அறையில் இருந்தான். மேஜைமேல் அவனுடைய நிரந்தர ஆணை கையெழுத்தாகித் திறந்து கிடந்தது. எழுத்துப்பிழை பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். போனை எடுத்ததும் பொறியாளர் தலையை நிமிர்த்தினார்.

“தம்பி, நாற்காலியெல்லாம் லாரியில போகுதே. நான் கிளம்பணுமாடா?”

“மழைன்னு விழாவை உள்ளே மாத்திட்டாங்கக்கா.”

“எவ்வளவு இருக்கு?”

அவன் ஆணையைப் பார்த்தான். பிறகு பொறியாளரைப் பார்த்தான்.

“இருபதரைக்கா.”

“எழுதிக்கிறேன். கிளம்புன்னா சொல்லு, மெஷினை அப்படியே போட்டுட்டுக் கிளம்பிடுறேன். இல்லேன்னா உன் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்து முடிச்சிடுவேன். அது ஒண்ணுதான் பாக்கி.”

“காஜா எடுக்கா,” என்றான் அவன்.

போனை வைத்ததும் பொறியாளர் புன்னகைத்து, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொன்னான். அந்த நிமிஷம் தன்னை அவன் எவ்வளவு வெறுத்தான் என்பதைச் சொல்லத் தனியாக ஒரு பதிவேடு வேண்டும். மாலை ஆறு மணி அளவை எடுத்ததும் நேரே போய் அக்காவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டான்.

ஏரி ஆறு மணி வரை காத்திருக்கவில்லை. மூன்று மணிக்குத் தண்ணீர் ஷட்டர்களின் தலைமேல் வழிய ஆரம்பித்தது. பலகை அப்போதும் இருபத்தொன்றில்தான் நின்றது. தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சொல்லிக்கொண்டு தலைவர் மூன்று வருடத்தில் முதல் முறையாக ஷட்டர் அருகே வந்தார். ஷட்டர் உடைந்தால் வாரியக் கட்டடமும் சேர்ந்து போகும் என்று பொறியாளர் காதோடு சொன்னார். திறந்தால் கேடயம் போகும். தலைவர் பன்னிரண்டு ஷட்டர்களையும் பரிசோதித்துப் பார்க்குமாறு எழுத்து மூலம் உத்தரவு போட்டார்.

ஷட்டர் ஆபரேட்டர் பன்னிரண்டையும் முழுக்க உயர்த்தினார். அளவுக்காரன் சங்கு இருந்த மேடைக்கு ஓடி, கைப்பிடியைப் பிடித்தான். பொறியாளர் அவன் கையைப் பிடித்தார்.

“திறப்புக்குத்தான் சங்கு. பரிசோதனைக்குச் சங்கு கிடையாது. இப்ப ஊதினா திறந்ததா ஆயிடும்.”

அவன் கையை உதறிக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டான். மணி அடித்தது. முழுசாக அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை மணியே அடிக்கவில்லை. கரைவழியே ஓடினான். தெருவுக்கு இறங்குகிற படிக்கட்டில் பாதிக்கு மேல் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அதில் பூந்தொட்டி ஒன்றுகூட மிதக்கவில்லை. எல்லாம் பத்திரமாக உள்ளே போய்விட்டன அல்லவா?

பரிசோதனை ஆறு மணி நேரம் நடந்தது. தெருவில் ஏழு பேர் செத்தார்கள். அக்காவை மறுநாள் காலை பின்னறைக் கதவுக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். கட்டையாகிப்போன அந்த உடம்பைத் தம்பி ஒருவனாகவே தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தான். முந்தின நாள் தூக்கியிருந்தால் கால்மணி நேரம் ஆகியிருக்கும். அன்றும் அவ்வளவுதான் ஆனது.

திரும்பி வந்து வீட்டைப் பார்த்தான். தண்ணீர் பரணுக்கு ஒரு சாண் கீழே வரை ஏறிக் கோடு போட்டிருந்தது. பரணில் ஒரு பாலித்தீன் பை. தண்ணீர் ஏற ஏற, அதைத் தடியால் மேலே தள்ளிவிட்டிருக்கிறாள். உள்ளே காக்கிச் சட்டை, மடிப்புக் கலையாமல், ஒரு துளி ஈரம் இல்லாமல் இருந்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

விசாரணைக்கு வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரையே போட்டார்கள். வெளியாளுக்கு ஒன்றும் புரியாது என்பது காரணம். தலைவர் சாட்சி சொன்னார்.

“ஷட்டர் திறக்கப்படல, பரிசோதிக்கப்பட்டது. பன்னிரண்டும் நல்லா வேலை செஞ்சது, அதைப் பதிவு பண்ணிக்குங்க. எங்க தண்ணி ஏரியில இருபத்தொரு அடியைத் தாண்டவே இல்ல. தெருவுல வந்தது எங்க தண்ணி இல்ல. அதுக்கு எங்ககிட்ட எந்தப் பதிவும் கிடையாது.”

அளவுக்காரன் எல்லாவற்றையும் சொல்லிவிடும் தீர்மானத்தோடுதான் போனான். பலகையை மூன்றடி தூக்கியது, குழு, அறிக்கை, சங்கு எல்லாம் சொன்னான். விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதிவேட்டை அவன் முன்னால் தள்ளினார். பதினோரு நாள் அளவுகள், ஒவ்வொன்றின் கீழும் அவன் கையெழுத்து. இவை பொய் என்றால் ஏழு பேர் சாவுக்குப் பொய் அளவு எழுதியவனே பொறுப்பு என்றார். மெய் என்றால் யாரும் பொறுப்பில்லை, மழைதான் பொறுப்பு. எது வேண்டும் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

அவன் பதிவேட்டைப் புரட்டினான். அப்போது அவர் ஒரு புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். அக்காவின் கடைச் சுவர். சேறு வழிந்த கோடுகளுக்கு நடுவே, மெழுகுச் சாக்கட்டி என்பதால் தண்ணீரில் கரையாமல், அவள் கையெழுத்தில் இருபதரை. நீர்மட்டம் அன்றாடம் தெருவாசிகளுக்கு முறையாகத் தெரிவிக்கப்பட்டு வந்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை என்று அறிக்கையில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். இறந்துபோன பெண்மணியின் பொறுப்புணர்வை ஒரு வரி பாராட்டியும் இருந்தார்.

அளவுக்காரன் மெய் என்று கையெழுத்துப் போட்டான்.

துக்கத்தை முன்னிட்டு விழாவை ஒரு வாரம் தள்ளிவைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை உள்ளரங்கில் நடத்தினார்கள். திறப்பு பூஜ்யம், பரிசோதனை வெற்றி என்று இரண்டு கேடயம். அவன் பெயர் வாசிக்கப்பட்டதும் காக்கிச் சட்டையோடு மேடை ஏறினான். தோள் கச்சிதம், கை கச்சிதம். அக்கா எடுத்த அளவு எங்கேயும் பிசகவில்லை. தலைவர் ஆணையை நீட்டினார், புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டு மறுபடி இறக்கினார். கீழ்ப் பட்டன் திறந்து வயிறு தெரிகிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

“காஜா இல்லீங்க,” என்றான் அளவுக்காரன். ஆறு பட்டனுக்கு ஐந்து காஜாதான் எடுத்திருந்தாள். ஆறாவது இடத்தில் சாக்கட்டிக் கோடு மட்டும் இருந்தது.

தலைவர் குனிந்து பார்த்தார். மைக்குக்கும் கேட்கும்படியாகச் சிரித்தார்.

“இந்தத் தையல்காரங்களே இப்படித்தான். வேலையை முடிக்காமப் போயிடுவாங்க.”

அரங்கம் சிரித்தது. ஆணையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தால் அந்த இடம் மறைந்துவிடும் என்று புகைப்படக்காரர் யோசனை சொன்னார். அவன் இறக்கிப் பிடித்தான். படம் நன்றாக வந்தது.